பிழையான திகதி காட்டிக்கொடுத்த கள்ளன்

கல்முனை
2010 ஜூலை 18

அன்பு மகள் சுல்பிகாவுக்கு சாச்சா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட காவல்ல நானும் சாச்சியும் தங்கச்சி ஸம்றாவும் சுகம், கட்டார் வெயில்ல நீயும் மருமகனும் சுகமா இரிக்க துஆச் செய்றம். நேத்து போன்ல உன்ட மெயில் பாஸ்வேர்டை மாத்து எண்டு நான் கத்த, வெள்ளி லீவுல பாப்பம் சாச்சா எண்டாய். கள்ளனுக்கு லீவில்லை மகள். அதான் நாளைக்கு அங்க வாற நஸீம்ட கையில இதைக் குடுத்து விடுறன்.

போன வருசம் நாட்டுச் சண்டை முடிஞ்ச கையோட நம்மட வீட்டுக்கு இன்டர்நெட் வந்திச்சே, நற்பிட்டிமுனையிலிருந்து நிந்தவூர் மட்டும் முதல் கம்பி நமக்குத்தான் இழுத்தது. சுனாமியில கடல் அடிச்சு உன்ட உம்மாவும் வாப்பாவும் எல்லாப் பத்திரமும் போய், உன்ட பிறப்புச் சான்றிதழுக்கு நான் கச்சேரிக் கந்தோருக்கு நடந்த நடையில மூண்டு தரம் கொழும்புக்குப் போயிரிக்கலாம். இனிக் கடலாலயும் அழிக்க ஏலாது எண்டு எல்லாத்தையும் ஸ்கேன் எடுத்துக் கொம்பியூட்டர்ல போட்டன். வைஃபையை ஊருக்கே திறந்தும் விட்டன், நாப்பது பேர் நம்மட மதில்ல சாய்ஞ்சு பாத்தாங்க.

செவ்வாக்கிழமை ஒருத்தன் போன் எடுத்து, விசா ஒபிஸாம், உன்ட பேர், பாஸ்போட் நம்பர் எல்லாம் மளமளவெண்டு வாசிச்சான். பிறந்த திகதி மார்ச் இருவத்தொண்டு எண்டான். எனக்குப் பொறி தட்டிச்சு. நீ பிறந்தது பன்ரெண்டு. இருவத்தொண்டு எண்டு கச்சேரிக் கிளாக்கர் முதல்ல பிழையா எழுதித் தந்த சான்றிதழை ஸ்கேன் எடுத்த கையோட கிழிச்சுப்போட்டன், அது மிச்சம் இரிக்கிறது நம்மட கொம்பியூட்டர்ல மட்டுந்தான். நான் போட்ட சத்தத்துல கடற்கரையில வலை இழுத்தவங்க கயித்தையே விட்டுட்டாங்களாம்.

ஒலுவில் கெம்பஸிலிருந்து ஸம்றா ஓடி வந்து, இன்டர்நெட் பெட்டியைக் கவுத்துக் காட்டினாள். அடியில அச்சடிச்ச பாஸ்வேர்ட், அந்த மாதிரிப் பெட்டி எல்லாத்துக்கும் அதுதானாம், நாம மாத்தவேயில்லை. வீட்டைப் பூட்டித் திறப்பைக் கதவுலயே தொங்க விட்டிரிக்கிறீங்க வாப்பா எண்டாள். பாஸ்வேர்டை மாத்தி, வைஃபையைப் பூட்டி, வெளியால உள்ளுக்கு வாற வழியை அடைச்சு, பெட்டிக்குப் புது மென்பொருளும் ஏத்தினாள். பத்திரமெல்லாம் இப்ப டிஸ்க்ல, அலுமாரிக்குள்ள. நான் பக்கத்துல நிண்டு வேலையை நடத்தினன். மதில்ல சாய ஆளில்லாததைப் பாத்து அடுத்த வீட்டு அபுல் ஹஸன், உங்கட மதில் மௌத்தாப் போச்சா எண்டு நக்கலடிச்சான், அடிக்கட்டும். கட்டார்ல உங்கட பெட்டியையும் கவுத்துப் பாருங்க மகள். ஆருக்கும் பாஸ்போட் கொப்பி குடுத்தா, என்னத்துக்கெண்டு அதுக்கு மேலயே எழுதிக் குடு.

ஒண்டு மட்டும் போன்ல சொல்ல வெக்கமாப் போச்சு. விசா ரத்தாகும், நிப்பாட்ட உன்ட மெயில் பாஸ்வேர்ட் வேணும் எண்டு அவன் சொன்னதும் பதறி, நீ என்ட டயறியில எழுதி வெச்சதை எடுத்துப் பாதியை வாசிச்சுப்போட்டன். அவன் திகதியைச் சொன்னது அதுக்குப் பிறகுதான். இந்தக் காயிதம் கிடைச்ச இடத்துல நிண்டே மாத்து மகள்.

அல்லாஹ் உங்க ரெண்டு பேருக்கும் பறக்கத் செய்யட்டும். புதுப் பாஸ்வேர்டை எனக்கு மட்டும் சொல்லிப்போடாத.

உன்ட சாச்சா
ஆதம்பாவா