மேற்கு வெயில்

14 மே 1968, செவ்வாய்

இன்றைய கூட்டத்தை மாலை நாலு மணிக்கு வைக்கும்படி நான் ஏன் கேட்டேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பாலக்கோட்டில் வரப்போகும் புது அலுவலகத்துக்கு இரண்டு வரைபடங்கள் போட்டிருந்தேன். சாலை மேற்கே இருப்பதால் முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்ற இன்ஜினியரின் விருப்பப்படி ஒன்று. ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்து, மேற்கே மாடிப்படியையும் பழைய கோப்புகளுக்கான அறையையும் மட்டும் விட்டது மற்றொன்று. அதை அவர் ஒரு மாதமாகப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "ரோட்டுக்கு முதுகு காட்டுற ஆபீஸ் எங்கயாச்சும் உண்டாம்மா?" என்று சிரித்ததோடு சரி.

மனையில் போட்டிருக்கும் தகரக் கொட்டகையின் வாசலும் மேற்கு பார்த்ததுதான். அங்கே அவர் காலையில்தான் வருவார். இன்று நாலு மணிக்கு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். வெயில் முதலில் முழங்காலுக்கு வந்தது, பிறகு மடிக்கு, பிறகு கண்ணுக்கு. மூன்று முறை நாற்காலியை நகர்த்தினார்.

மேஸ்திரி மாதப்பன், "இன்னொருக்கா நகந்தீங்கன்னா செவுத்துக்குள்ளாரதாங்க போவணும்," என்றார்.

நான் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஆயுசுக்கும் உட்காரப்போகும் குமாஸ்தாக்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினியர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "அந்த இன்னொரு படத்தை எடும்மா," என்றார். அது என் பையில் மேலாகவே இருந்தது.

அரை மணி நேரம் பார்த்தார். பிறகு கொட்டகைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அதில் கையெழுத்துப் போட்டார்.