லினக்ஸ் பக்கம் இருந்த அத்தியாயம்

கம்பம்,
13.10.2006

அன்புள்ள உங்களுக்கு,

நானும் அத்தையும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீங்கள் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த தைலம் தீர்ந்துவிட்டதாக எழுதச் சொன்னார்கள். இங்கே மழை பரவாயில்லை.

நேற்று பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். கடைசித் தேதி இன்று. போன வாரம் தொலைபேசியில் நீங்கள், "போனது போகட்டும், இன்னும் ஒரு வருஷம் கேட்டு வாங்கு" என்றீர்கள். ஆய்வுக்கான ஏழு வருடமும் முடிந்து, கொடுத்த நீட்டிப்பும் முடிந்துவிட்டது. கேட்பதற்கு இன்னொரு வருடம் இல்லை. அன்று இதை உங்களிடம் சொல்லவில்லை. அத்தை பக்கத்தில் இருந்தார்கள். என் குரல் சரியாக இருந்திருக்காது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்களையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, ஆய்வு வேலை முழுவதையும் லினக்ஸில்தான் செய்துவந்தேன். சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் இந்த மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய் பற்றி எடுத்த குறிப்புகளும், அதை வைத்து எழுதிய கடைசி அத்தியாயமும் அங்கேதான் இருந்தன. மே மாதம் வரை உள்ளதற்குத்தான் நகல் எடுத்திருந்தேன். அது என் தப்பு.

ஆயுத பூஜைக்குக் கணினியையும் துடைத்துச் சாமி படங்களுக்கு முன்னால் வைக்கச் சொன்னார்கள் அத்தை. வயர்களை உருவி வைத்தேன். விஜயதசமிக்கு மறுநாள் எல்லாவற்றையும் மாட்டினால் இணையம் வரவில்லை. மெயின் ரோட்டில் கணினி பழுது பார்க்கும் செல்வமணி வந்தார். நான் கல்லூரிக்குப் பாடம் எடுக்கப் போயிருந்த நேரத்தில் விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றியிருக்கிறார். அதற்குப் பிறகும் இணையம் இல்லை. கணினியைப் போட்டதும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியலும் காணாமல் போனது. நேரே விண்டோஸுக்குப் போய் நின்றது.

"லினக்ஸ் அழிஞ்சு போச்சு டீச்சர். டிஸ்க்கை மொத்தமா பார்மட் பண்ணிருவோம், நெட்டும் தன்னால வந்துரும்" என்றார். அழிந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இருவது மிசின் பாத்துட்டேன் டீச்சர்" என்றார். "இது இருபத்தொண்ணாவது தம்பி, கை வைக்காதீங்க" என்று அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலம்தான் உங்களிடம் பேசினேன்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். நீங்கள் மேசை டிராயரில் விட்டுப்போன லினக்ஸ் குறுந்தகட்டைப் போட்டேன். வன்தட்டைத் தொடாமல் தகட்டிலிருந்தே கணினி கிளம்பும் என்று உறையில் எழுதியிருந்தது, கிளம்பியது. வன்தட்டில் நீங்கள் லினக்ஸுக்கு ஒதுக்கிய பகுதி அப்படியே இருந்தது. திறந்தேன். நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் நான் பாதியில் விட்ட வாக்கியம்கூட இருந்தது. புது விண்டோஸ் ஏறும்போது அந்தத் தொடக்கப் பட்டியலை மட்டும் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்திருக்கிறது. சேதம் அவ்வளவுதான். உடனே பென்டிரைவில் நகல் எடுத்தேன். நம்பிக்கை வராமல் இன்னொரு முறையும் எடுத்தேன்.

தகட்டில் ஓடிய லினக்ஸிலும் இணையம் இல்லை. அங்கேதான் பிடி கிடைத்தது. முந்தின நாள் ஏற்றிய விண்டோஸிலும் இல்லை, அதற்குச் சம்பந்தமில்லாத லினக்ஸிலும் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது வயரும் அது சொருகும் துளையும்தானே? வயரை உருவினேன். முனை மஞ்சளாக இருந்தது. இலைகளைப் பார்க்கும் என் லென்ஸை வைத்துத் துளைக்குள் பார்த்தேன். சிறிய கம்பிகள் எட்டின் மேலும் சந்தனம் காய்ந்து கிடந்தது.

அத்தையிடம் கேட்டேன். "முன்னாடி வச்சா ஒனக்குப் பிடிக்காதேன்னுதான் ஆத்தா பின்னாடி வச்சேன். அங்கன சதுரமா ஒரு குழி, பொட்டு வைக்க வாக்கா இருந்துச்சு" என்றார்கள்.

மின்சாரத்தை நிறுத்தி, இலைகளைப் பதப்படுத்த வைத்திருக்கும் ஸ்பிரிட்டைப் புது டூத் பிரஷில் தொட்டுத் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் காயவைத்தேன். வயரைச் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்து, அத்தியாயத்தை அப்போதே நெறியாளருக்கு அனுப்பினேன். பிறகு, தொடக்கப் பட்டியலைத் திரும்ப எழுதும் கட்டளைகளை இணையத்தில் தேடினேன். முதலில் கிடைத்த பக்கத்தை நம்பவில்லை. மூன்று பக்கங்கள் ஒன்றையே சொன்ன பிறகுதான் தட்டினேன். கணினி அணைந்து எழுந்தது. திரையில் இரண்டு பெயர்களும் வந்தன.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டு பேரும் வந்துட்டாகளா" என்று கேட்டார்கள். வந்துவிட்டார்கள் என்றேன். நான் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து அவர்களுக்கே ஆச்சரியம். தான் பொட்டு வைத்ததால்தான் என் படிப்பு முடிந்தது என்று இப்போது தெரு முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. செல்வமணி வந்து கட்டளைகளை எழுதிக்கொண்டு போனார்.

வாய்மொழித் தேர்வு பிப்ரவரி வாக்கில் இருக்கும் என்கிறார் நெறியாளர். பொது அரங்கில் நடக்கும். வந்திருப்பவர் யாரும் கேள்வி கேட்கலாமாம். இத்தனை வருடமாக அந்தத் தோட்டங்களில் நான் என்ன பார்த்தேன் என்று நீங்கள் கேட்டதில்லை. குறையாக எழுதவில்லை. உங்கள் விடுப்பு ஏப்ரலில் என்பதும் தெரியும். முடிந்தால் இந்த முறை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வாருங்கள். பின்வரிசையில் உட்காருங்கள், போதும். எழுந்து ஏதாவது ஒன்று கேளுங்கள். நான் பதில் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுசுயா