நீ வாங்காத டிராபி

என் பாசமுள்ள அண்ணே,

உன் கேம் பெட்டி டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மா தினமும் துடைக்கிறாள். உன் படத்துக்குப் போடும் பூவில் கொஞ்சம் கிள்ளி அதன் மேலும் வைக்கிறாள். நீ பார்த்தால் கத்தியிருப்பாய்.

அரசு வேலைப் பரீட்சை ஒவ்வொன்றிலும் உன் பெயர் வராமல் போன காலத்தில்தான் இந்த டிராபிப் பைத்தியம் உன்னைப் பிடித்தது. கதை சூடு பிடிக்கிற நேரத்தில், விளையாட்டில் சொன்ன ஏதோ ஒன்றை முடித்ததற்காக 'டிங்' என்று திரையின் மூலையில் ஒரு கோப்பை வந்து நிற்பது எனக்கு ஆகாது. சும்மா விளையாடத் தெரியாதா உனக்கு என்று திட்டுவேன்.

"இங்கதான் பாப்பா, சொன்னத செஞ்சா சொன்னத குடுத்துடுறான். வெளிய எவன் குடுக்குறான்?" என்பாய்.

அப்பேர்ப்பட்டவன், அந்தப் பனிமலை விளையாட்டில் ஒரே ஒரு டிராபியை மட்டும் வாங்கவே இல்லை. சுமை தூக்கிக் கூடவே வந்த கழுதையைப் பனியில் விட்டுவிட்டு, இருட்டுவதற்குள் உச்சிக்கு ஓடினால்தான் அது கிடைக்கும். அது கிடைத்தால், எல்லாவற்றையும் முடித்தவனுக்கான பிளாட்டினமும் சேர்ந்து வரும்.

"கூட வந்தத வுட்டுட்டுப் போனா மெடலாம். அத அவனே வச்சுக்கட்டும்" என்றாய். பட்டியலில் அது மட்டும் பூட்டுப் படத்தோடு கிடந்தது. உன் டிராபிகளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். இதை உன்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா?

அரியலூர் ரோட்டில் உன் மேல் மோதிய லாரி நிற்காமல் போய்விட்டது. யாரென்று இதுவரை தெரியவில்லை. இனிமேல் தெரியும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

உன் காரியத்தன்று உன் கூட்டாளி செல்வம் வந்தான். உன் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியுமே. டிவியைப் போட்டு உன் டிராபிகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தான். பிளாட்டினம் மின்னியது. அதன் கீழே நீ இல்லாத ஒரு தேதி.

"மாப்ளைக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா பாக்கி இருந்துச்சு. நாங்க கூட்டாளிங்கல்லாம் உக்காந்து முடிச்சு வச்சுட்டோம்" என்று அழுதான்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எம்புள்ள பாஸாயிட்டானாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. எல்லாத்துலயும்."

அம்மா திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் செல்வத்துக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

வாங்கிய டிராபியைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை அண்ணே. தேடிப் பார்த்துவிட்டேன். இனி உன் பக்கத்தைத் திறக்கிறவர்களுக்கு நீயும் கழுதையை விட்டுவிட்டு ஓடியவன்தான். எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

இப்போது அந்த விளையாட்டை என் பெயரில் தொடங்கியிருக்கிறேன். நான் பூட்டி வைப்பது உன் கணக்கில் சேராது, தெரியும். இருந்தாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். எத்தனை முறை இருட்டினாலும், நான் அந்தக் கழுதையை விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

உன்னைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்த
தங்கச்சி,
குன்னம்