வேர் பிடிக்கும் தொட்டி

ஜனவரி 12

கழிப்பறைக் காகிதம் இனிக் கிடைக்காது என்று வதந்தி பரவி, கனாஸாவா கடைவாசல்களில் பெண்கள் முட்டி மோதிக்கொண்ட வருஷம். அந்த இலையுதிர் காலத்தில்தான் முரோகி சாராய ஆலை வீட்டுக்கு மருமகள் வந்தாள். எழுத்து தெரியாமல் வளர்ந்தவனுக்கு வருஷக் கணக்கு இப்படித்தான். என் மருமகள் நாவோகோ விரல் விட்டு எண்ணி, "முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு மாமா" என்கிறாள்.

இன்று மதியம் தொலைக்காட்சியில் புது நாடகம். பணக்கார வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் கதை. முதல் நாளே மாமியார் அவள் செருப்பைக் காலால் ஒதுக்கித் தள்ளினாள்.

"சும்மா அளக்குறாங்க. யாராவது இப்படிச் செய்வாங்களா?" என்றாள் நாவோகோ, ஆரஞ்சை உரித்துக்கொண்டே.

செய்வார்கள். பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 13

பனி. எழுத்து வகுப்பு இல்லை.

ஜனவரி 18

நாடகத்தில் மாமியார் மருமகளின் சமையலைக் குப்பையில் கொட்டினாள். எனக்கு அந்த மீன் ஞாபகம் வந்துவிட்டது.

முரோகி வீட்டுப் பைன் மரங்களுக்குக் குளிர்காலம் தோறும் கயிறு கட்டியவன் நான். கட்டாவிட்டால் பனிப்பாரம் கிளையை முறித்துவிடும். புது மருமகள் ஹத்ஸுமி, ஹிமி துறைமுகத்து மீன்கடைக்காரர் மகள். முதல் டிசம்பரில் பெண் வீட்டார் ஒரு முழு புரி மீன் அனுப்புவது எங்கள் பக்கத்து முறை. மாப்பிள்ளை வீட்டார் அதை வெட்டிப் பாதியைத் திருப்பி அனுப்புவார்கள். மாமியார் ஸெத்ஸு அம்மாள் முழு மீனையும் திருப்பி அனுப்பினாள். "கடையில போணியாகாததை நம்ம தலையில கட்டப் பாக்குறாங்க" என்றாள், ஏணிமேல் நின்ற என் காதிலும் விழும்படி.

அன்று ஹத்ஸுமி மரத்தடிக்கு வந்து நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தோமே அண்ணே, எங்கப்பா என்னைவிட அந்த மீனைத்தான் ஐஸ் போட்டுப் பத்திரமா அனுப்பினாரு" என்று சிரித்தாள்.

ஜனவரி 25

எழுத்து வகுப்பு. எனக்கு ஒலியெழுத்து மட்டும்தான் வரும், அதுவும் எழுபத்தாறு வயதில் கற்றது. இன்று டீச்சர், தொழிலில் அடிக்கடி சொல்லும் சொல் ஒன்றை எழுதச் சொன்னார். 'நெத்ஸுகு' என்று எழுதினேன். நட்ட மரம் வேர் பிடிப்பது. எங்கள் தொழிலில் இதைவிட நல்ல சொல் கிடையாது.

"இதுல ரெண்டு சொல் இருக்கு, தெரியுமா தாத்தா?" என்று டீச்சர் பலகையில் இரண்டு பட எழுத்துகளைப் போட்டார். ஒன்று வேர். இன்னொன்று படுக்கை. வேர் பிடிப்பதும் அதுதான், படுத்த படுக்கையாகக் கிடப்பதும் அதுதான். காதுக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு.

வகுப்பு முடியுமுன் எழுந்துவிட்டேன். குளிர் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 26

எழுதிவிடுகிறேன். காகிதத்திடமாவது.

கல்யாணமான அந்தக் குளிர்காலத்திலேயே ஸெத்ஸு அம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஹத்ஸுமி என்னிடம் வந்து பூ கேட்டாள். நான் தொட்டியில் வளர்த்த மஞ்சள் பூச்செடி, பனியைத் துளைத்துக்கொண்டு முளைக்குமே, அது அன்றுதான் விரிந்திருந்தது. வெட்ட மனம் வரவில்லை.

"தொட்டியாவா அண்ணே? பரவாயில்லையா?" என்றாள்.

"வேரோட இருந்தாத்தான் நல்லது" என்றேன்.

எங்கள் மலையூரில் ஆஸ்பத்திரி கிடையாது. நோயாளிக்குத் தொட்டிச் செடி கொண்டுபோகக் கூடாது, அது ஆளைப் படுக்கையிலேயே கிடக்க வைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. பனி கொட்டியதால் நானே தொட்டியைச் சுமந்து அறை வரை போனேன். அறையில் ஸெத்ஸு அம்மாள், அவள் தங்கை, மகன் கென்சுகே, அதாவது ஹத்ஸுமியின் புருஷன்.

"நான் எந்திரிக்கவே கூடாதா? யாரு குடுத்தா இதை?" என்றாள் ஸெத்ஸு அம்மாள்.

ஹத்ஸுமி என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். எனக்கு வீட்டில் கைக்குழந்தை, இந்த வேலை போனால் வேறு கிடையாது.

"நானேதான் வாங்கினேன் அத்தை" என்றாள்.

கென்சுகே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தொட்டியையே காரணம் காட்டி, வசந்தம் வருமுன் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸெத்ஸு அம்மாளோ எழுந்து இருபது வருஷம் நன்றாக நடமாடினாள்.

பிப்ரவரி 3

பேய் விரட்டும் நாள். நாவோகோ "பேயே வெளியே போ" என்று வறுத்த பீன்ஸ் எறிந்தாள். இரண்டு என்மேல் விழுந்தன.

பிப்ரவரி 9

நாடகத்தில் மருமகள்மேல் திருட்டுப் பழி விழுந்தது. வீட்டுத் தோட்டக்காரன் உள்ளே நுழைந்து, "நான்தான் எடுத்தேன், அவங்களை விடுங்க" என்கிறான். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமா? ஏன்டா தோமே, உனக்கு என்னடா கேடு வந்துச்சு அன்னிக்கு? வாயில மண்ணா இருந்துச்சு?

நாவோகோ தொலைக்காட்சியை அணைத்தாள். "என்ன மாமா?" என்றாள். சொன்னேன். எல்லாம்.

அவள் திட்டவில்லை. ஹிமியில் அந்த மீன்கடையின் எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டாள். "ஒரு பாட்டிம்மா எடுத்தாங்க மாமா. 'புரி தீந்துபோச்சு, நாளைக்கு வா'ன்னு கத்திட்டு வச்சுட்டாங்க."

அந்தக் குரல் அவளுடையதாக இருக்குமா?

பிப்ரவரி 17

ஹிமி போய் வந்தோம். ரப்பர் பூட்ஸ், நீல ஏப்ரன், முழுக்க நரைத்த தலை. கையில் கத்தி. என்னைக் கண்டதும் ஹத்ஸுமிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

ரயிலில் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது. "நான்தான் குடுத்தேன்னு சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொன்னேன், தலையைக் குனிந்து.

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "நோயாளிக்குத் தொட்டி ஆகாதுன்னு மீன்காரிக்குத் தெரியாதா அண்ணே? வயசுல பெரியவர் நீங்க சொல்றீங்களேன்னு எடுத்துட்டுப் போனேன். அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லலை."

"இல்லை."

"ரொம்ப நாள் கோவமா இருந்தேன்." ஒரு மீனின் செவுளை இழுத்து எறிந்தாள். "இப்பவும் கொஞ்சம் இருக்கு. நிக்காதீங்க, உக்காருங்க."

உட்கார இடம் தேடிக் கடையின் பக்கவாட்டுக்குத் திரும்பினேன். சுவரோரம் வரிசையாக வெள்ளை மீன்பெட்டிகள். எல்லாவற்றிலும் மண். எல்லாவற்றிலும் மஞ்சள் பூ.

"அந்தத் தொட்டியை அவங்க வெளிய வைக்கச் சொன்னாங்க. நான் போகும்போது தூக்கிட்டு வந்துட்டேன். பிரிச்சுப் பிரிச்சு நட்டதுல இத்தனை ஆயிடுச்சு" என்றாள்.

ஒரு பெட்டியில் விரலை விட்டுப் பார்த்தேன். வேர் இறுகப் பிடித்திருந்தது. 'நெத்ஸுகு' என்ற அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அவளே சொன்னாள்.

பிப்ரவரி 18

நாடகம் பார்க்கவில்லை. அவள் கொடுத்தனுப்பிய பாதி மீனை நாவோகோ பொரித்தாள்.

அந்த ஆஸ்பத்திரி அறையை நினைத்துப் பார்க்கிறேன். ஸெத்ஸு அம்மாள் போய்விட்டாள். தங்கைக்காரி அதற்கு முன்பே. கென்சுகே, போன பெரிய பூகம்பத்துக்கு முந்தின கோடையில். கேட்க ஆளில்லை, உண்மையை இனி யாரிடம் சொல்வது என்று இத்தனை நாள் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைத் தவிர அங்கே இருந்தவர்களில் மிச்சம் ஒருத்தி உண்டு. ஹத்ஸுமி.