வலப்பக்கத்து இருக்கை

8 ஏப்ரல் 1956, ஞாயிறு

மாஹே பயணம் முடிவாகிவிட்டது. சுப்பராயன் முசியேவின் மகளுக்கு அங்கே ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மே மூன்றாம் தேதி பெயர் வைக்கிறார்கள். போகிறவர்கள் முசியே, அவர் மனைவி அமிர்தவல்லி அம்மாள், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். ஜனவரியில் வழுக்கி விழுந்ததிலிருந்து முசியேவால் ரயில் பெட்டிப் படி ஏற முடியாது. அதனால் கார். ஓட்டப்போவது அப்பா. முசியே அறுநூறு கிலோமீட்டர் என்கிறார், அப்பா நானூறு மைல் என்கிறார். எப்படிச் சொன்னாலும் இரண்டு நாள்.

அப்பா இருபத்திரண்டு வருடமாக முசியேவின் டிரைவர். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. கார் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது, ஸ்டீரிங் இடப்பக்கம். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் கைமாறும் வரை எல்லையில் கஸ்டம்ஸ் தொல்லை. கோர்ட்டு, கடற்கரை, கோயில் என்று ஊருக்குள்ளேயே அது வயதாகிவிட்டது.

இன்று காலை அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிரேக் கட்டை. ஃபேன் பெல்ட் கூடுதலாக ஒன்று. ரேடியேட்டர் குழாய் இரண்டும் புதிது. டியூப். பிளக். தண்ணீர் கேன், பெட்ரோல் கேன். “பாலக்காடு தாண்டினா மழ வந்தாலும் வரும். வைப்பர் ரப்பர் எழுதிக்க.”

எழுதிக்கொண்டே பார்த்தேன். அவர் ஊற்றிய தண்ணீர் ரேடியேட்டர் வாய்க்குள் போகவில்லை, ஓரமாக வழிந்தது. அப்பா விரலால் வாயைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஊற்றினார்.

இத்தனை வருடத்தில் அவர் தடவிப் பார்த்து நான் கண்டதில்லை.

11 ஏப்ரல்

வலப்பக்க மட்கார்டில் நேற்று ஒரு கீறல் இருந்தது. இன்று அதன்மேல் கறுப்பு பெயிண்ட். காய்வதற்குள் தொட்டுவிட்டேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் விரலில் இருக்கிறது.

15 ஏப்ரல், ஞாயிறு

வண்டி கலியமூர்த்தி அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன்.

“வாம்மா பி.ஏ.!” என்றார் கலியமூர்த்தி அண்ணன். “உங்கப்பாவப் பாத்தியா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு சினிமாவுல சேரப்போறாரு.”

“வெயிலுடா,” என்றார் அப்பா.

“ஷெட்டுக்குள்ள ஏதுண்ணே வெயிலு?”

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். பிறகு கலியமூர்த்தி அண்ணனிடம் நீட்டினார். “முனையில கேப்பு சரியா இருக்கான்னு நீயே பாரு. கூலி வாங்குறவன் நீ, நான் ஏன் பாக்கணும்?”

அவர் வாங்கிப் பார்த்தார். பிளக்கைப் பார்த்ததைவிட அப்பாவை அதிக நேரம் பார்த்தார். இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

16 ஏப்ரல்

செய்யக்கூடாததைச் செய்தேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி பக்கத்தில் இருந்தது. நான் காப்பியோடு அவருடைய வலப்பக்கம் போய்ச் சத்தம் போடாமல் நின்றேன். கை நீட்டினால் தோளைத் தொடலாம். மனதுக்குள் ஐம்பது வரை எண்ணினேன். வலது கண்ணின் நடுவில் பால் சொட்டு விழுந்தது போல வெள்ளை.

“அப்பா.”

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. டியூப் கையிலிருந்து நழுவியது. “எப்ப வந்த?”

“இப்பதாம்பா.”

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் காப்பியை வாங்கினார்.

18 ஏப்ரல்

எப்படி இத்தனை நாள் ஓட்டினார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இன்று புரிந்துவிட்டது. ‘அலே’தான்.

ஸ்டீரிங் இடப்பக்கம் என்பதால், முன்னால் லாரியோ மாட்டு வண்டியோ போனால் அதற்கு அப்பால் எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். கார் வந்த நாளிலிருந்து முசியே அந்த இருக்கையில்தான் உட்காருவார். வழி காலியாக இருந்தால் “அலே” என்பார். பிரெஞ்சில், போ. அவர் பேசாமல் இருந்தால் அப்பாவும் முந்தமாட்டார். அந்த வீட்டு வழக்கம் அது. அப்பாவின் வலது கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போனபோது, அந்த வார்த்தை கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கண்ணின் வேலையைப் பார்த்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரிக்குப் பிறகு முசியே பின்னால் கால் நீட்டி உட்காருகிறார். முன்னால் யாருமில்லை. மட்கார்டில் கீறல்.

சாயங்காலம் முசியே வீட்டில் நான் பேரப்பிள்ளைகளுக்கு வழக்கமான இங்கிலீஷ் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா முசியேவிடம் சொன்னது கேட்டது: “சுலோசனாவும் வரட்டும் முசியே. பசங்களுக்குப் பாடம் வுட்டுப்போவாது. எம் பக்கத்துல குந்திக்கும்.”

பாடத்துக்கா கூப்பிடுகிறார்?

22 ஏப்ரல், ஞாயிறு



புது பிரேக்கைப் பழக்கிப் பார்க்க விழுப்புரம் வரை போய்வரலாம் என்றார் அப்பா. நானும் அவரும் மட்டும். “வழி கண்டா அலேன்னு சொல்லு. அவ்ளோதான்,” என்றார். என்னால் ஏன் முடியாது? ஒரு வார்த்தைதானே. வகுப்பில் பேராசிரியர் பெயர் கூப்பிட்டால், குரல் எழாமல், ‘பிரசன்ட்’ என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தவள் நான்.

போகும்போது இரண்டு மாட்டு வண்டி. இரண்டுக்கும் சொன்னேன். திரும்பும்போது முன்னால் வைக்கோல் லாரி. ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு போனது. நான் தலையை நீட்டிப் பார்த்தேன். காலி. “அலே” என்றேன்.

“இன்னா?” என்றார் அப்பா. என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

பதற்றத்தில் திரும்பச் சொல்லிவிட்டேன், கத்தி. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் தடவை பார்த்ததையே இரண்டாம் தடவையும் சொன்னேன். அதற்குள் வளைவிலிருந்து பஸ் வந்துவிட்டது.

அப்பா முந்துவதற்கு வலப்பக்கம் ஒடித்திருந்தார். பஸ் ஹார்ன். கண்ணாடிக்கு எதிரே பஸ்ஸின் முகம் மட்டும். அப்பா திரும்ப இடப்பக்கம் ஒடித்து, ரோட்டை விட்டு இறங்கி, புளியமரத்துக்கு ஒரு கை தூரத்தில் நிறுத்தினார். ஜன்னல் வழியாக வந்து விழுந்த வைக்கோல் என் மடியில் கிடந்தது.

“உன் தப்பு இல்ல. அடுத்த தடவ சத்தமா சொல்லு,” என்றார்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் வண்டி மூக்கை வெளியே நீட்டியதுமே பஸ் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? எனக்குத் தெரிந்ததே. நான் “அப்பா” என்று அலறியதும்தானே ஒடித்தார்?

வீடு வந்ததும் முசியே கேட்டார். “ஜம்முனு ஓடுச்சு முசியே,” என்றார் அப்பா. நான் பக்கத்தில் நின்று சேலையிலிருந்து வைக்கோல் துரும்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

23 ஏப்ரல்

நான் வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சரி என்று மட்டும் சொன்னார்.

அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து கூடையைக் கழுவும்போது அப்பாவின் கண்ணைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தேன்.

“எனக்குத் தெரியாதாடி?” என்றாள் அம்மா. “தீவாளிக்கு முன்னாடியே தெரியும். மீன்ல முள்ளு எடுத்து வெக்கிறது யாருன்னு நெனச்ச?”

“அப்ப ஏம்மா சொல்லல?”

“சொன்னா? நாளைலேர்ந்து அந்த மனுசன் இன்னா செய்வாரு? வூட்டுல குந்திக்கினு நான் மீன் வித்துட்டு வர்ற வழியப் பாத்துக்கினு இருப்பாரா? கடல வுட்டுட்டு வண்டிதான்னு வந்தவருடி.”

“பசங்க ஏறுதுங்கம்மா அந்த வண்டியில.”

அம்மா கூடையைக் கவிழ்த்து வைத்தாள். “நான் சொல்லமாட்டேன். நீ சொல்றதும் சொல்லாததும் எங்கிட்ட கேக்காத,” என்றாள்.

25 ஏப்ரல்

முசியே ஒரு வார்த்தை சொன்னதால்தான் அப்பா என்னைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். அந்தப் படிப்பு இப்போது இதற்கா? அப்பாவைக் காட்டிக்கொடுக்கவா? சொல்லாமல் இருந்தால்? தூக்கம் இல்லை.

27 ஏப்ரல், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பாடத்தில் பிள்ளைகளை ஒரு படம் வரைந்து இங்கிலீஷில் பெயர் எழுதச் சொன்னேன். எட்டு வயது சந்திரகலா கார் வரைந்தாள். பின்னால் தாத்தா, பாட்டி, தம்பி. முன்னால் டிரைவர். பக்கத்தில் இரட்டைச் சடையோடு ஒரு பெண்.

“இது யாரு?”

“நான்தான் டீச்சர். நீங்க வரலியாமே. நானே அலே சொல்லட்டுமான்னு கேட்டேன், டிரைவர் தாத்தா சரின்னுட்டாரு.”

விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார். விளையாட்டுக்குத்தானா?

எழுந்து நேராக முசியேவின் அறைக்குப் போனேன். வழக்கமாக வாசலிலேயே நிற்பவள், உள்ளே போய்விட்டேன். “அப்பாவுக்கு வலது கண்ணு தெரியல முசியே,” என்றேன். அது எவ்வளவு சத்தமாக வந்ததோ, சமையல்கட்டிலிருந்து அமிர்தவல்லி அம்மாள் ஓடிவந்தார்.

முசியே கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “எத்தினி நாளா?”

“தீபாவளிக்கு முன்னாடியிலேர்ந்து.”

கட்டை போட்ட தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இத்தன நாளும் நான்தான் பக்கத்துல குந்தி ஓட்டியிருக்கேன்.” பிறகு, அப்பாவின் பெயரைச் சொல்லி, “ஏன் எங்கிட்ட சொல்லல கன்னியப்பன்?”

“நிறுத்திடுவீங்கன்னு,” என்றேன்.

அங்கே நான் அழவில்லை. வெளியே வந்த பிறகுதான்.

28 ஏப்ரல்

அப்பா இனி ஓட்ட வேண்டாம் என்று முசியே சொல்லிவிட்டார். யார் சொல்லித் தெரிந்தது என்று சொல்லவில்லையாம். அப்பாவும் கேட்கவில்லையாம். மத்தியானமே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அம்மாவிடம் மட்டும்: “உம் பொண்ணு பேசக் கத்துக்கிச்சு.”

29 ஏப்ரல், ஞாயிறு

கலியமூர்த்தி அண்ணன் ஓட்டப்போகிறார். முசியே ஆள் அனுப்பிக் கேட்டு ஏற்பாடு செய்துவிட்டார்.

இருந்தும் அப்பா விடிந்ததும் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினார். “எதுக்குப் போறீங்க?” என்றாள் அம்மா. “ஓட்டத்தான் வாணாம்னாங்க. நட்டு முடுக்க வாணாம்னு யாரும் சொல்லல,” என்றார். என் கையெழுத்தில் இருந்த பட்டியலை எடுத்துப் போனார். அதை மடித்துப் பையில் வைத்தது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

சாயங்காலம் கலியமூர்த்தி அண்ணன் வாசலில் நின்று கத்தினார். “யண்ணே! உன் வண்டி எனக்குப் படியல. அரியாங்குப்பம் போறதுக்குள்ள மூணு தடவ செத்துப் பொழச்சேன். இடப்பக்கம் குந்திக்கினு எதிர்ல இன்னா வருதுன்னு எவனுக்குத் தெரியும்? நீ வந்து பக்கத்துல குந்து. இல்லன்னா நான் போவல.”

“எனக்குத்தான் கண்ணு இல்லன்னு ஊரே சொல்லுதே.”

“ஒரு கண்ணு இருக்கில்ல? அது போதும். ரோட்டுல பாதிக்குத்தான நீ காவலு, மீதி என்னுது.”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. அப்பா உள்ளே வந்து, வண்டிக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையை உதறிப் பார்த்தார்.

1 மே

விடிகாலையில் போனார்கள். பட்டியலில் இருந்தது எல்லாம் வண்டியில் ஏறியதை அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தார். பிள்ளைகள் இரண்டும் பின்சீட்டில். சந்திரகலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பழக்கத்தில் இடப்பக்கக் கதவு வரை போனார், நின்றார், வண்டியைச் சுற்றி வந்து வலப்பக்கம் ஏறினார். கறுப்புக் கண்ணாடி இல்லை.

என்னைப் பார்க்கவில்லை. அல்லது நான் நின்ற பக்கம் அவருக்குத் தெரியவில்லை.

4 மே

கடிதம் இல்லை.

7 மே

சந்திரகலாவிடமிருந்து கார்டு, இங்கிலீஷில், ஆறு பிழைகளோடு. நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பாலக்காட்டில் பெரிய மழை, வைப்பர் நன்றாக ஆடியது. டிரைவர் தாத்தா வழியெல்லாம் அலே சொன்னார், சொல்வதற்கு முன் கழுத்தை முழுக்கத் திருப்பி இரண்டு தடவை பார்க்கிறார். எங்களையும் கூடச் சேர்ந்து கத்த விட்டார், ஆனால் அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் சொல்ல வேண்டுமாம்.

அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்றாவது முறை எனக்காக.

14 மே

திரும்பிவிட்டார்கள். வண்டியில் புதிதாக ஒரு கீறலும் இல்லை. அப்பா எல்லோருக்கும் வாழைக்காய் வறுவல் கொண்டுவந்தார். என் பங்கை அம்மா கையில் கொடுத்தார்.

16 மே

“நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்,” என்றார் அப்பா, சுவரைப் பார்த்து. “கண்ணு டாக்டர முசியே பாக்கச் சொல்லியிருக்காரு. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் கூட வந்தா நல்லது.”

இந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான்.

17 மே

நடந்தே போனோம். தெருமுனை வரை அப்பா முன்னால், நான் பின்னால். அங்கே நின்றார். நான் பக்கத்தில் வந்ததும், “இந்தாண்ட வா,” என்று வலப்பக்கத்தைக் காட்டினார்.

மார்க்கெட் பக்கம் ரோட்டைக் கடக்க வேண்டும். அப்பா ஓரத்தில் நின்றார். தலையைத் திருப்பவில்லை. ஏன் நிற்கிறார் என்று ஒரு நொடி புரியவில்லை எனக்கு.

பார்த்தேன். ரிக்‌ஷா போனது. மறுபடியும் பார்த்தேன்.

“அலே” என்றேன்.

சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். அப்பா ரோட்டில் இறங்கி நடந்தார்.