தமிழ் தெரியாதவர்களின் வகுப்பு

என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் நான்கு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. இன்று உங்களோடு சண்டை போட வந்திருக்கிறேன். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

நீங்கள் போர்மேனாக இருந்த அதே பட்டாசு ஆலையில் இப்போது தம்பி செல்வின்தான் போர்மேன். வேலையாட்கள் பாதிப்பேர் வடநாட்டுக்காரர்கள். "அக்கா, இவனுகளுக்குக் கொஞ்சம் தமிழ் சொல்லிக் குடு" என்று அவன் கேட்டதால், ஞாயிறு சாயங்காலம் சர்ச் ஹாலில் வகுப்பு எடுக்கிறேன்.

அதில் பிகாஷ் என்று ஒருவன், ஒடிசாக்காரன். பொண்டாட்டி, கைக்குழந்தையோடு தாயில்பட்டியில் குடியிருக்கிறான். "உன் பெயர் என்ன?" என்று கேட்டால்கூடப் பல்லைக் காட்டிக்கொண்டு தலையைச் சொறிவான். வந்து மூன்று வருடமாகிறது, நாலு வார்த்தை படித்தால் என்ன குறைந்துபோகும் என்று எனக்கு ஒரே எரிச்சல். இருபது வருடம் குவைத்தில் இருந்துவிட்டு அரபி தெரியாமலே திரும்பிய நம் சித்தப்பாவை வசதியாக மறந்துவிட்டேன்.

போன வாரம் சந்தையில் ஒரு குரல். "ஏண்ணே, நேத்து வாங்குன கத்திரிக்கா அம்புட்டும் சொத்தை. இன்னைக்கும் அதையே என் தலையில கட்டப் பாக்கீகளா?" திரும்பினால், பிகாஷ்! நான் பையைக் கீழே போட்டுவிட்டேன், அப்பா. அப்படியே நம் ஊர்ப் பேச்சு!

என்னைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. ஓரமாக வந்து கையெடுத்துக் கும்பிட்டான். "டீச்சர், செல்வின் சார்ட்ட சொல்லிராதீக. எங்க ஆளுக பல பேருக்குத் தமிழ் தெரியும். தெரியும்னு காட்டிக்கிட்டா வெடிமருந்து கலக்குற ரூமுக்குப் போட்டுருவாக. எங்க அண்ணன் நல்லாப் பேசுவாரு. அங்கனதான் கருகிப் போனாரு."

"யாருப்பா இப்படி ஒரு வழக்கத்தைப் போட்டது?"

"முன்னால இருந்த போர்மேன் போட்டதாம், டீச்சர்."

அவனுக்கு நான் யார் மகள் என்று தெரியாது.

சொன்னது சட்டென்று புரியாதவனைக் கலவை ரூமுக்குள் விடக் கூடாது என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வீர்களே. எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அப்படியானால் புரிந்தவன் எல்லாம் அந்த நெருப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டியதுதானா? உங்களுக்கு இது தோன்றவே இல்லையா? எனக்கும் ஏன் தோன்றவில்லை?

நேற்று செல்வின் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். "அக்கா, சீசன் ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. கலவைக்கு ஒரு ஆளு கொறையுது, நம்ம ஊர்க்காரனுக ஒருத்தனும் வர மாட்டேங்கிறான். ஒன் கிளாஸ்ல எவனுக்குத் தமிழ் நல்லா வருது?"

"ஒருத்தனுக்கும் வரல, தம்பி."

"ஒருத்தனுக்குக் கூடவா?"

"சத்தியமா வரல."

பைபிள் வைத்திருக்கிற வீட்டில் கூசாமல் சொன்னேன். அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்: "அப்ப சரி. ஆளு கெடைக்கிற வரைக்கும் நானே கலக்கிக்கிறேன்."

நீ போகாதே என்று கத்தினேன், அழுதேன். "அப்பா பாக்காத வேலையா?" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

இதை எழுதும்போது அவன் அந்த அறைக்குள் இருக்கிறான். சாயங்காலம் முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்பேன். அந்த வழக்கத்தை ஒழிக்காமல் விட மாட்டேன். ஆனால் என்ன ஆனாலும் பிகாஷ் பெயர் என் வாயிலிருந்து வராது. இது உங்கள் மேல் சத்தியம்.

அதுவரை தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்பா.

உங்கள் மகள்,
செல்வினுக்கு ஒரே அக்கா,
எஸ்தர்