கால் ஒட்டிய இடங்கள்

ஆடி 5, திங்கள்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், வேம்பு எழுதுகிறாள். ஐம்பத்தோரு வருஷமாக என் பேச்சைத் திருத்தும் மனைவி, இதை மட்டும் சொன்னபடி எழுதச் சம்மதித்திருக்கிறாள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இன்று முதல் நாள். நடுக்குவாதம் வந்து ஆறு வருஷம். நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நடக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறதே, அதுதான். போன ஐப்பசியில் தென்னம்பாலத்தில் ஒட்டி, வாய்க்காலில் விழுந்தேன். அதற்கப்புறம் அக்கரை போகவில்லை. கூலிக்கு நட்ட நிலத்தையே பிறகு விலைக்கு வாங்கினேன்; அந்த ஆறு மா வயல் அங்கே கிடக்கிறது.

ஹஃப்ஸா என்ற பெண், இரண்டு வடையைச் சேர்த்து வைத்தாற்போல் ஒரு காந்தத்தைத் தலையில் வைத்தாள். கத்தி இல்லை, ஊசி இல்லை. டக் டக் என்று சத்தம். நெல்மணி அளவு நகர்த்தித் தேடினாள். சட்டென்று என் கட்டைவிரல் துள்ளியது. நான் துள்ளச் சொல்லவில்லை! "இடம் கிடைச்சுடுச்சுங்க ஐயா" என்றாள். மண்டையைத் திறக்காமல் உள்ளே மடை எங்கே என்று கண்டுபிடிக்கிறாள்.

ஒரு அட்டை கொடுத்தாள். கால் ஒட்டும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. கோடு எனக்கே போட வரும்.

ஆடி 6

ஒன்பது கோடு.

ஆடி 9, வெள்ளி

ஹஃப்ஸா இருபது நிமிஷம் நின்றபடியே காந்தத்தைப் பிடிக்கிறாள். கை அசைவதில்லை. இவ்வளவு பாடுபடுகிறவளிடம் ஏழு கோட்டை எப்படி நீட்டுவது? விருந்து வைத்தவரிடம் உப்பில்லை என்போமா? மூன்று போட்டேன்.

வேம்பு எழுதுவதை நிறுத்திப் பார்க்கிறாள். எழுது.

ஆடி 14, புதன்

நேற்றுக்கு ஒரு கோடும் போடவில்லை. ஹஃப்ஸா சிரித்துக்கொண்டே டாக்டரிடம் காட்டினாள். இவ்வளவு நன்றாக இருந்தால் காந்தத்தைப் பத்து நாளோடு நிறுத்தலாம், மாத்திரையையும் குறைக்கலாம் என்றார் அவர். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசற்படியில் கால் ஒட்டியபோது வேம்பு கேட்டாள்: "இதுக்கு யாரு கோடு போடுறது? அந்தப் பொண்ணா?"

ஆடி 15

ஹஃப்ஸாவிடம் சொல்லிவிட்டேன். எல்லா நாளும், ஒட்டிய இடம் இடமாக. வாசற்படி, கொட்டகை முனை, பஸ் படிக்கட்டு... தலையில்தான் இருக்கிறதே எல்லாம். டாக்டர் நின்று கேட்டார்.

ஹஃப்ஸா திட்டவில்லை. புது அட்டையில் போட்டுக்கொண்டே வந்தாள். "ஒம்பதுல ஆரம்பிச்சு இப்ப அஞ்சுங்க. நெசமே நல்லாத்தானே இருக்கு, ஏங்க மறைச்சீங்க?"

"ஒனக்கு மனசு கஷ்டப்படும்னு தாயி."

"கோடு இல்லாட்டி நான் எதைப் பாத்து வைத்தியம் பண்றது?"

மாத்திரை அப்படியே. காந்தம் இன்னும் பத்து நாள்.

ஆவணி 1, ஞாயிறு

தென்னம்பாலம். நடுவில் ஒட்டியது. வேம்பு பின்னால் நின்றாள், கை கொடுக்கவில்லை. கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காத்து நின்றேன். இடது கால் தானாக எழுந்தது.

அக்கரையில் எங்கள் குறுவை நெல் கதிர் வாங்கியிருக்கிறது. வரப்பில் வெயில் ஏறும்வரை நின்றோம்.

திரும்பும்போதும் அதே இடத்தில் ஒட்டியது.

இரண்டு கோடு.